லினக்ஸில் ஐபாட்: ரிதம்பாக்ஸா, ராக்பாக்ஸா, விர்ச்சுவல்பாக்ஸா?

அலமாரியில் கிடந்த ஐபாடை எடுத்துச் சார்ஜ் ஏற்றி, உபுண்டு லினக்ஸ் ஓடும் மடிக்கணினியில் செருகினால் அது சமர்த்தாகப் பென் டிரைவ் மாதிரி திறந்துகொள்ளும். எம்பி3 கோப்புகளை இழுத்துப் போட்டால் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். கழற்றிவிட்டு மெனுவில் போய்ப் பார்த்தால் ஒரு பாட்டும் இருக்காது. இடம் மட்டும் குறைந்திருக்கும்.

ஐபாட் தன் வட்டில் என்ன இருக்கிறது என்று தானாகத் தேடிப் பார்ப்பதே இல்லை என்பதுதான் காரணம். ஐபாட்_கன்ட்ரோல் என்ற மறைந்த ஃபோல்டருக்குள் ஐட்யூன்ஸ்டிபி என்றொரு பைனரி கோப்பு இருக்கிறது. பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம், எந்தப் பாட்டு எந்தக் கோப்பில் என்ற விவரமெல்லாம் அதில்தான். பாட்டுகளோ எஃப்00, எஃப்01 என்று எண்ணிட்ட ஃபோல்டர்களில், பொருளில்லாத நான்கெழுத்துப் பெயர்களோடு சிதறிக் கிடக்கும். பதிவேட்டில் ஏறாத புத்தகம் நூலகத்தில் இருந்தும் இல்லாத கதைதான். அந்தப் பதிவேட்டை எழுதுவது ஐட்யூன்ஸ். ஐட்யூன்ஸ் விண்டோஸில் உண்டு, மேக்கிலும் 2019 வரை இருந்தது. லினக்ஸுக்கு ஆப்பிள் அதைக் கொடுத்ததே இல்லை.

ஒதுக்கிவைக்கப்பட்டது லினக்ஸ் மட்டும் என்றும் சொல்ல முடியாது. 2001 அக்டோபரில் முதல் ஐபாட் வந்தபோது அது மேக்குக்கு மட்டும்தான், அதுவும் ஃபயர்வயர் கம்பியில். அன்று விண்டோஸ்காரர்களே எக்ஸ்பிளே, எஃபாட் போன்ற வெளியார் மென்பொருள்களை வைத்துச் சமாளித்தார்கள். 2002இல் மியூசிக்மேட்ச் வழியாக விண்டோஸுக்கு அதிகாரபூர்வ ஆதரவு வந்தது. 2003 அக்டோபரில் ஐட்யூன்ஸே வந்துவிட்டது. லினக்ஸ்காரர்கள்தான் கடைசிவரை வாசலில் நின்றார்கள். அப்படி நின்றவர்கள் உருவாக்கிய வழிகள் இன்று ஆப்பிள் கொடுத்ததைவிடச் சில இடங்களில் மேலாக இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

வழிகள் மூன்று. ஐட்யூன்ஸ் எழுதுவது போலவே பதிவேட்டை எழுதும் மென்பொருளை லினக்ஸில் பயன்படுத்தலாம்: ரிதம்பாக்ஸ், ஸ்ட்ராபெரி, ஜிடிகேபாட். பதிவேட்டைக் கேட்கும் ஆப்பிளின் மென்பொருளை ஐபாடுக்குள்ளேயே ஒதுக்கிவிட்டு ராக்பாக்ஸை ஏற்றலாம். அல்லது விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளை வைத்து லினக்ஸுக்குள் ஒரு மெய்நிகர் விண்டோஸை ஓட்டி, அதில் ஐட்யூன்ஸை உட்கார வைக்கலாம். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ஒயின் மூலம் ஐட்யூன்ஸை நேரடியாக ஓட்டுவதை நான் வழியாகவே கணக்கில் எடுக்கவில்லை. நிரல் திறந்தாலும் யூஎஸ்பியில் இருக்கும் ஐபாடை அது பார்க்காது. அதோடு கதை முடிந்தது.

முதலில் கையில் இருப்பது எது என்று பாருங்கள்

இணையத்தில் ஒருவர் "எனக்கு உடனே வேலை செய்தது" என்பார். இன்னொருவர் "எதைச் செய்தும் பூஜ்யம் பாடல் என்றே காட்டுகிறது" என்பார். பெரும்பாலும் இருவரும் சொல்வது உண்மை. மாடல்தான் வேறு.

2007 செப்டம்பருக்கு முன் வந்த ஐபாட்களில் பதிவேட்டுக்குப் பூட்டு கிடையாது. வீடியோ ஐபாட் எனப்படும் ஐந்தாம் தலைமுறை, மினி, முதல் இரண்டு நானோக்கள் எல்லாம் இதில் அடங்கும். அந்த மாதம் வெளிவந்த ஐபாட் கிளாசிக்கிலும் மூன்றாம் நானோவிலும் ஆப்பிள் ஒரு சரிபார்ப்புக் குறியீட்டைச் சேர்த்தது. ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்ணை வைத்துக் கணக்கிடப்படும் குறியீடு அது. பதிவேட்டின் தலைப்பகுதியில் அது சரியாக இல்லாவிட்டால் ஐபாட் தன்னைக் காலி என்றே நினைத்துக்கொள்ளும். சில நாட்களிலேயே லினக்ஸ் பக்கத்தில் அதன் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ரிதம்பாக்ஸ் வகையறாக்களுக்கெல்லாம் அடித்தளமான லிப்ஜிபாட் நூலகம் இன்று கிளாசிக்கைப் பெரும்பாலும் தானே அடையாளம் கண்டு, தேவையான எண்ணைப் படித்துக்கொள்கிறது.

2009இன் ஐந்தாம் நானோவில் பூட்டு இன்னும் இறுகியது. லிப்ஜிபாட் அதற்கும் எழுதும், ஆனால் ஒருமுறையாவது உண்மையான ஐட்யூன்ஸ் அந்தக் கருவியில் பாட்டு ஏற்றியிருக்க வேண்டும். அது விட்டுச்சென்ற குறியீட்டிலிருந்துதான் லிப்ஜிபாட் தனக்கு வேண்டியதை எடுக்கும். சதுரமாகச் சட்டையில் குத்திக்கொள்ளும் ஆறாம் நானோவும், 2012இன் ஏழாம் நானோவும் வந்தால் லிப்ஜிபாட் கைவிரித்துவிடும். ராக்பாக்ஸும் இவற்றில் ஓடாது. இவற்றை வைத்திருப்பவர்கள் மீதிக் கட்டுரையைத் தாண்டி, மெய்நிகர் விண்டோஸ் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

இன்னொரு விஷயம் வட்டின் வடிவம். முந்தைய உரிமையாளர் மேக்கில் பயன்படுத்தியிருந்தால் வட்டு எச்எஃப்எஸ் பிளஸ் வடிவில் இருக்கும். மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலிங் இயங்கும் அந்த வட்டை லினக்ஸ் படிக்க மட்டும் திறக்கும், எழுத விடாது. ராக்பாக்ஸுக்கோ அந்த வடிவம் அறவே புரியாது. விண்டோஸ் ஐட்யூன்ஸில் ஒருமுறை ரீஸ்டோர் செய்தால், அதாவது எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக்கினால், விண்டோஸ் வடிவமான ஃபேட்32 ஆகிவிடும். உள்ளே இருந்த பாட்டுகள் போய்விடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அன்றாடத்துக்கு: ரிதம்பாக்ஸ் எதிர் ராக்பாக்ஸ்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். மெய்நிகர் விண்டோஸ் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய ஆள். தினமும் வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது.

தொடங்கும் சிரமத்தில் ரிதம்பாக்ஸ் வெல்கிறது. உபுண்டுவில் நெடுங்காலமாக அதுதான் இயல்பான இசைச் செயலி. ஐபாடைச் செருகியதும் இடப்பக்கப் பட்டியலில் அதன் பெயர் தோன்றும். நூலகத்திலிருந்து பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து அதன்மேல் இழுத்துவிட்டால் போதும். புதிதாக ரீஸ்டோர் செய்த ஐபாடாக இருந்தால் மாடலையும் பெயரையும் கேட்டுத் தயார்செய்துகொள்ளும். ஸ்ட்ராபெரியும் ஏறக்குறைய இதையே செய்கிறது. பாட்டுகளின் விவரங்களைத் திருத்தும் வசதி அதில் கொஞ்சம் அதிகம். ஆனால் தனிப் பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் ஃபிளாட்பேக் வடிவில் நிறுவினால் ஐபாட் கண்ணில் படாமல் போக வாய்ப்புண்டு. வழக்கமான பொதியாக நிறுவுவதே நல்லது. ஜிடிகேபாட் இந்த மூன்றிலும் ஆழமானது: ஆல்பம் படம், பாடல் எண்ணிக்கை, பிளேலிஸ்ட் என எதையும் தொட்டுத் திருத்தலாம். வளர்ச்சி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் புதிதாகத் தொடங்குபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ராக்பாக்ஸுக்கு முதல் நாள் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். 2001 இறுதியில் ஆர்க்கோஸ் பிளேயர்களுக்காகத் தொடங்கிய திறமூலத் திட்டம் அது. பின்னாளில் ஐபாட், சான்டிஸ்க் என்று பரவியது. ராக்பாக்ஸ் யுட்டிலிட்டி என்ற நிறுவி லினக்ஸிலேயே ஓடும், ஆகவே விண்டோஸ் துணை தேவையில்லை. வீடியோ ஐபாடில், கருவி எழும்போது முதலில் ஓடும் பூட்லோடரை அது நேரடியாக வட்டில் எழுதுகிறது. கிளாசிக்கில் மெனு பொத்தானையும் நடுப் பொத்தானையும் சேர்த்து நெடுநேரம் அழுத்தி, திரை இருண்டு கிடக்கும் டிஎஃப்யூ நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த இருட்டுத் திரையைப் பார்த்து "செத்துவிட்டது" என்று பலர் பயந்து கையை எடுத்துவிடுகிறார்கள். அந்த இருட்டுதான் சரியான நிலை. ஆப்பிளின் மென்பொருள் அழிவதும் இல்லை. ஐபாட் தொடங்கும்போது, மாடலுக்கு ஏற்ப, ஒரு பொத்தானைப் பிடித்தாலோ ஹோல்டு விசையைத் தள்ளினாலோ பழைய ஆப்பிள் மெனுவுக்கே போகலாம்.

அந்த முதல் நாள் தாண்டிவிட்டால் பிறகு நிலைமை தலைகீழ். ராக்பாக்ஸ் ஏறிய ஐபாட் நிஜமாகவே ஒரு பென் டிரைவ்தான். ஃபோல்டரோடு இழுத்துப் போடுகிறோம், ஃபோல்டரோடு பாடுகிறது. கோப்பு மேலாளரிலிருந்து போடலாம், முனையத்தில் ஆர்சிங்க் கட்டளையால் போடலாம், நண்பர் வீட்டு விண்டோஸிலிருந்தும் போடலாம். எந்தக் கணினிக்கும் அது கட்டுப்பட்டதில்லை. ரிதம்பாக்ஸில் ஏற்றிய ஐபாடை இன்னொருவர் வீட்டு ஐட்யூன்ஸில் செருகி, கேட்ட கேள்விக்கெல்லாம் சரி சொல்லிவிட்டால் மொத்தமும் அழிந்து அவருடைய நூலகம் ஏறிவிடும். ராக்பாக்ஸுக்கென ஃபோல்டராகப் போட்ட பாட்டுகளை அப்படிப்பட்ட சிங்க் தொடுவதில்லை. ரீஸ்டோர் கொடுத்தால் எல்லாம்தான் போகும்.

கோப்பு வகையில் இடைவெளி இன்னும் பெரிது. ஆப்பிளின் மென்பொருள் எம்பி3, ஏஏசி, ஆப்பிள் லாஸ்லெஸ், வாவ், ஏஐஎஃப்எஃப் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறது. ஃபிளாக் கிடையாது, ஆக் வோர்பிஸ் கிடையாது, ஓபஸ் கிடையாது. லினக்ஸ்காரர்களின் சேகரிப்பில் இருப்பதே பெரும்பாலும் இவைதான். தேவையான ஜிஸ்ட்ரீமர் செருகுநிரல்கள் இருந்தால் ரிதம்பாக்ஸ் நகலெடுக்கும்போதே இவற்றை எம்பி3 ஆகவோ ஏஏசி ஆகவோ மாற்றிவிடும். ஆயிரக்கணக்கில் பாட்டு இருந்தால் அது ஒரு ராத்திரி வேலை. தரம் குறையக்கூடாது என்பவர்கள் எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றி நிரலில் ஃபிளாக்கை ஆப்பிள் லாஸ்லெஸாக மாற்றி வைத்துக்கொள்ளலாம். அப்போது ஒரே பாட்டு கணினியில் இரண்டு பிரதி. ராக்பாக்ஸ் மேற்சொன்ன எல்லாவற்றையும் அப்படியே பாடும். மாற்றும் பேச்சே இல்லை.

கச்சேரி கேட்பவர்களுக்கு இன்னொன்று. ஒரே ஓட்டமான பதிவை ஆலாபனை, கிருதி, தனி என்று துண்டு துண்டாக வெட்டி வைத்திருப்போம். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு நொடி மௌனம் விழுந்தால் தம்பூரா அறுந்து விழுந்த மாதிரி ஆகிவிடும். ராக்பாக்ஸ் இடைவெளி இல்லாமல் தொடர்ந்து பாடுகிறது. ஆப்பிளின் மென்பொருளும் 2006க்குப் பிறகு இதைச் செய்யும். ஆனால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் வாலிலும் எவ்வளவு மௌனம் சேர்ந்திருக்கிறது என்ற கணக்கைப் பதிவேட்டிலிருந்து அது எதிர்பார்க்கிறது. ஐட்யூன்ஸ் அதை எழுதிவைக்கும். வெளியார் மென்பொருள் எழுதாமல் விட்டால் இடைவெளி வந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே ராக்பாக்ஸுக்கு மாறலாம் என்பேன்.

பாட்டுக்குப் பாட்டு ஒலி அளவு ஏறி இறங்குவதைச் சமன்செய்யும் ரீப்ளேகெய்ன் குறிப்புகளையும் ராக்பாக்ஸ் மதிக்கிறது. ஆப்பிள் அதைக் கண்டுகொள்ளாது; அதற்கு சவுண்ட்செக் என்ற தனி முறை. பழைய இளையராஜா கேசட் பதிவையும் இன்றைய காதைப் பிளக்கும் பதிவையும் ஒன்றாகக் கலந்து கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, ராக்பாக்ஸில் குறையே இல்லையா? நிறைய உண்டு. தோற்றம் முதலாவது. அமைப்பு மெனுக்கள் அடுக்கடுக்காகப் போய்க்கொண்டே இருக்கும். வேண்டியது வேண்டாதது எல்லாம் அதில் இருக்கிறது, டூம் விளையாட்டு உட்பட. சக்கரத்தைச் சுழற்றி, பாடகர் பெயரில் நின்று, ஆல்பத்துக்குள் நுழைந்து பாட்டை அழுத்தும் அந்த ஆப்பிள் நளினம் இதில் கிடையாது. நல்ல தீம் போட்டால் பாதி சரியாகும். மீதிக்குப் பழகிக்கொள்ள வேண்டும். ஐபாட் கிளாசிக்கை அந்தப் பழைய நினைவுக்காகவே வைத்திருப்பவர் ராக்பாக்ஸ் ஏற்றினால், எதற்காக வைத்திருந்தாரோ அதையே இழந்துவிடுவார். அவருக்கு ரிதம்பாக்ஸ்தான் சரி.

வீடியோ அடுத்தது. ஐபாடுக்கென்று மாற்றிய எம்பி4 படங்களை ராக்பாக்ஸ் காட்டாது. பழைய எம்பெக் வடிவம் மட்டும்தான். ஐட்யூன்ஸ் கடையில் 2009க்கு முன் வாங்கிய, ஃபேர்பிளே என்ற நகல் தடுப்புப் பூட்டு போட்ட பாட்டுகளும் பாடாது. தமிழ் எழுத்திலும் சிக்கல் உண்டு: தமிழ் அடங்கிய எழுத்துருவை ஏற்றினாலும் எழுத்துகளைச் சேர்த்து அடுக்கும் வேலையை ராக்பாக்ஸ் செய்வதில்லை. கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். பாட்டின் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்திருப்பவர்களுக்குத் தலைவலி இல்லை.

வட்டை மாற்றிப் பெரிய எஸ்டி கார்டு பொருத்தியவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஆப்பிளின் மென்பொருள் மொத்தப் பதிவேட்டையும் நினைவகத்தில் ஏற்றப் பார்க்கும். பாட்டுகள் ஓர் எல்லையைத் தாண்டினால் இடம் போதாமல் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகும். 30 ஜிபி வீடியோ ஐபாடில் 32 எம்பி நினைவகம்தான், அதில் இது சீக்கிரமே வரும். ஃபோல்டர் வழியாகப் பாடும் ராக்பாக்ஸுக்கு இந்த எல்லை கிடையாது.

இரண்டையும் கலக்கவும் முடியும், அதிகம் பேர் பேசாத வழி இது. ரிதம்பாக்ஸில் பாட்டுகளை ஏற்றுங்கள், ராக்பாக்ஸையும் நிறுவுங்கள். ராக்பாக்ஸில் டேட்டாபேஸ் என்ற வசதியை ஒருமுறை இயக்கினால், அது மொத்த வட்டையும் துழாவி, எஃப்00 ஃபோல்டர்களில் குழப்பப் பெயரோடு கிடக்கும் கோப்புகளையும் உள்ளே இருக்கும் விவரக் குறிப்பை வைத்துப் பாடகர், ஆல்பம் என்று அடுக்கிவிடும். ஒரே பாட்டுக்கு ஒரே பிரதி, இரண்டு மென்பொருளிலும் பாடும். ஃபோல்டர் வழியாக மேய்வது மட்டும் முடியாது, ஏனென்றால் அந்த நான்கெழுத்துப் பெயர்களைப் படித்து எதுவும் புரியாது.

மெய்நிகர் விண்டோஸ் எப்போது?

விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் 10ஐ நிறுவி, ஐபாடை யூஎஸ்பி வழியாக உள்ளே அனுப்பினால் ஐட்யூன்ஸ் அதைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொள்ளும். செலவு வேறு மாதிரி: வட்டில் முப்பது ஜிபிக்கு மேல், நினைவகத்தில் நான்கு ஜிபியாவது, ஒவ்வொரு முறையும் விண்டோஸ் எழுந்து சோம்பல் முறிக்கும்வரை காத்திருப்பு. இரண்டு பாட்டு சேர்ப்பதற்கு இது அநியாயம். பழைய அரசு இலவச மடிக்கணினி போன்ற எளிய கருவியில் இதை முயல வேண்டாம். ரிதம்பாக்ஸ் அதில் தாராளமாக ஓடும்.

ஆனால் நான்கு வேலைகளுக்கு இதுதான் வழி: மேக் வடிவ வட்டை ஃபேட்32 ஆக்குவது, குழம்பிப்போன ஐபாடை ரீஸ்டோர் செய்வது, ஐந்தாம் நானோவுக்கு அந்த முதல் சிங்க், ஆறாம் ஏழாம் நானோவுக்கு எல்லாமே. பக்கத்தில் யாரிடமாவது விண்டோஸ் கணினி இருந்தால் முதல் மூன்றையும் அங்கேயே முடித்துவிட்டு வரலாம்.

இதில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. லினக்ஸில் உங்கள் பயனர் கணக்கை விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேர்த்தால்தான் யூஎஸ்பி சாதனங்கள் பட்டியலில் தெரியும். அப்புறம் ரீஸ்டோர் நடக்கும்போது ஐபாட் தன்னைத் துண்டித்துக்கொண்டு வேறு சாதன எண்ணோடு மறுபடி இணையும். எந்தச் சாதனத்தை உள்ளே அனுப்புவது என்று விர்ச்சுவல்பாக்ஸுக்குச் சொல்லும் யூஎஸ்பி வடிகட்டியில் பழைய எண்ணை மட்டும் எழுதிவைத்திருந்தால் அந்தக் கணத்தில் லினக்ஸ் அதைப் பிடித்துக்கொள்ளும். ஐட்யூன்ஸ் பிழை காட்டி நிற்கும். வடிகட்டியில் ஆப்பிளின் நிறுவன எண்ணை மட்டும் வைத்து, சாதன எண்ணைக் காலியாக விட்டால் இந்தத் தொல்லை வராது. ஐட்யூன்ஸில் தானியங்கி சிங்க்கை அணைத்து, இசையைக் கைமுறையாக நிர்வகிக்கும் தெரிவைக் குறியிடவும் மறக்க வேண்டாம்.

திரையில்லாத ஷஃபிளுக்கு இந்த ஆரவாரம் எதுவும் வேண்டாம். அதன் பதிவேடு எளிமையானது; பாட்டுகளை இழுத்துப் போட்டுவிட்டு ஒரு சிறிய பைத்தான் நிரலை ஓட்டினால் பதிவேடு புதிதாக எழுதப்பட்டுவிடும். ஐபாட் டச் இந்தக் குடும்பத்தில் பெயரளவுக்கு மட்டும்தான் சேர்த்தி, உள்ளே அது ஐபோன். அதில் விஎல்சி செயலி ஓடுமானால் வைஃபை பகிர்வைத் திறந்து, கணினியின் உலாவியிலிருந்தே பாட்டுகளை ஏற்றிவிடலாம், கம்பியே வேண்டாம்.

இனிமேல்தான் பழைய ஐபாட் ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் மாடல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஏ1136 என்றால் வீடியோ ஐபாட், ஏ1238 என்றால் கிளாசிக். லினக்ஸ்காரருக்கு இரண்டும் பொருத்தம். எனக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், பூட்டே இல்லாததாலும் பூட்லோடர் சுலபமாக ஏறுவதாலும் வீடியோ ஐபாடைத்தான் எடுப்பேன். ஏ1320 ஐந்தாம் நானோ, விண்டோஸ் பக்கத்தில் ஒருமுறை போய்வர வேண்டும். ஏ1366, ஏ1446 இரண்டும் ஆறாம், ஏழாம் நானோ. விலை எவ்வளவு குறைந்தாலும் தொட வேண்டாம். விற்பவரிடம் அமைப்புப் பகுதியில் அபௌட் திரையைத் திறந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மட் என்ற இடத்தில் விண்டோஸ் என்று இருந்தால் வாங்கிவந்த அன்றே வேலையைத் தொடங்கிவிடலாம். மெகின்டாஷ் என்று இருந்தால் முதலில் ஒரு ரீஸ்டோர்.